எனாமல் பூசிய இரும்புச் சட்டி: 3 குளிர்காலம் மாட்டு இறைச்சி ஸ்டியூ வைத்த பிறகு

இந்தச் சட்டி எங்கள் வீட்டுக்கு வந்து 3 குளிர்காலம் ஆகிவிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அன்றிலிருந்து மார்ச் முடியும் வரை, எனக்கு டியூட்டி இல்லாத ஞாயிறு என்றால் மத்தியானச் சாப்பாடு மாட்டு இறைச்சி ஸ்டியூதான். இதுவரை 30 தடவைக்குக் குறையாமல் இதில் வைத்திருப்பேன். வாங்கிய மறுவாரமே எழுத உட்கார்ந்திருந்தால் நிறத்தையும் பளபளப்பையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது அதன் அடி, மூடி, கைப்பிடி எல்லாம் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. எது நல்லது, எது தொல்லை என்று தெரிந்து எழுதுகிறேன்.

வட்டமான சட்டி, விட்டம் 26 செ.மீ. 5 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வெளியே கரும்பச்சை, உள்ளே பால் வெள்ளை. மூடியோடு சேர்த்து எடை போட்டால் கிட்டத்தட்ட 6 கிலோ. ஒரு சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்பது. நான் கொடுத்தது 62 பவுண்டு. இந்த வகைச் சட்டிக்குப் பேர் போன பிரெஞ்சுக் கம்பெனி லெ க்ரூஸே, 1925 முதல் செய்து வருகிறது. அவர்களுடைய ஆரஞ்சு நிறச் சட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதே அளவுக்கு அங்கே 300 பவுண்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். என் நாத்தனார் வீட்டில் அந்தச் சட்டி இருக்கிறது. அதே இறைச்சி, அதே காய் வாங்கி இரண்டு முறை அதில் வைத்துப் பார்த்தேன். வாயில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. கையில் தூக்கினால் தெரிகிறது: அது கொஞ்சம் லேசு, கைப்பிடிக்குள் துணியோடு விரல் நன்றாக நுழைகிறது, எனாமல் விளிம்பு வரை ஒரே சீராக இருக்கிறது. அந்த வசதிக்கு 240 பவுண்டு கூடுதலாகக் கொடுக்க என்னால் முடியாது. முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

சரி, எதற்காக இவ்வளவு கனமான ஒன்றை வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில் உள்ள டெல்ஃபோர்டில். நான் நர்ஸ். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். எங்கள் பக்கத்தில் ‘இஷ்டு’ தெரியாதவர்கள் கிடையாது. கிறிஸ்துமஸ் காலையில் ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ள, தேங்காய்ப்பாலில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு, பச்சை மிளகாய் கீறிப் போட்டு வைப்பது. ஸ்டியூ என்ற சொல்தான் நம் வாயில் இஷ்டு ஆகியிருக்கிறது. அதனால் இங்கே வந்த புதிதில், ஸ்டியூ எனக்குத் தெரிந்த சாப்பாடுதானே என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஜனவரி மாத நைட் டியூட்டியில்தான் அது வேறு என்று தெரிந்தது. எங்கள் வார்டில் ஓய்வு பெறும் வயதில் ஒரு அம்மா வேலை பார்த்தார், ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்காரர். விடியற்காலை 3 மணிக்கு ஃபிளாஸ்க்கைத் திறந்து, அதன் மூடியிலேயே எனக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். “லாபி” என்று பெயர் சொன்னார். பீங்கான் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன ஊர் ஸ்டோக். அங்கே சூளையில் வேலை பார்த்த குடும்பங்கள் வாரத்தில் மிஞ்சிய மாட்டு இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வைப்பது அது. ஆங்கிலத்தில் ‘லாப்’ என்றால் தூக்கிப் போடுவது, இருப்பதையெல்லாம் தூக்கிப் போடுவதால் அந்தப் பெயர் என்று விளக்கினார். இந்தச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர். லிவர்பூலில் ஸ்கவுஸ், அந்த ஊர்க்காரர்களை ஸ்கவுசர் என்று கூப்பிடுவதே இந்தச் சாப்பாட்டை வைத்துத்தான். எங்களுக்கு மேற்கே வேல்ஸுக்குள் போனால் கவ்ல்.

அந்த ஃபிளாஸ்க் மூடியில் இருந்தது மிளகாய் இல்லை, மல்லி இல்லை, தேங்காய் இல்லை. இறைச்சியும் கிழங்கும் உப்பும் மிளகும். ஆனால் குழம்பு உதட்டில் ஒட்டியது. நம் ஊரில் நல்லி எலும்பு போட்டு வைத்த ஆட்டுக்கால் சூப் ஒட்டுமே, அப்படி. எலும்பு போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, ஷின் வாங்கி நாலு மணி நேரம் விட்டுவிட்டேன் என்றார். எதில் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, அவருடைய அம்மா காலத்து இரும்புச் சட்டியில் என்றார்.

ஷின் என்பது மாட்டின் முழங்காலுக்குக் கீழே உள்ள சதை. பகல் முழுக்க உடம்பைத் தாங்கி நடந்த சதை என்பதால், குறுக்கே வெட்டினால் வெள்ளை வெள்ளையாக ஜவ்வு ஓடியிருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் வெட்டி அடைத்து விற்கும் ‘ஸ்டியூயிங் பீஃப்’ பாக்கெட்டில் பல இடத்துத் துண்டுகள் கலந்திருக்கும், சில வேகும், சில வேகாது. அதனால் நான் இறைச்சிக் கடைக்குப் போய் ஷின் கேட்டு, ஒரு துண்டு 5 செ.மீ. வருகிற மாதிரி பெரிதாக வெட்டி வாங்குகிறேன். அந்த ஜவ்வில் இருப்பது கொலாஜன். 70 டிகிரிக்கு மேல் போனால் அது மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாகிக் குழம்பில் சேரும். உதட்டில் ஒட்டுவது அதுதான். ஆனால் கொதிக்கக் கொதிக்க அவசரப்படுத்தினால் ஜவ்வு கரைவதற்குள் சதை நார் இறுகி, சாறெல்லாம் வெளியே போய்விடும். கொதித்தும் கொதிக்காமலும், ஒன்றிரண்டு குமிழ் மட்டும் வருகிற சூட்டில் 3 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நான் முதலில் குக்கரில்தான் வைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த 5 லிட்டர் குக்கர், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரத்தில் சாப்பாடு ஆக வேண்டும் என்றால் இன்றும் அதுதான். ஆனால் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். முக்கால் மணி நேரத்தில் இறைச்சி வெந்துவிடும், உண்மைதான். ஆனால் நார் நாராகப் பிரியும், குழம்பு தண்ணீராக நிற்கும். கிழங்கைக் கூடவே போட்டால் கரைந்து காணாமல் போகும்.

அடுத்து ஸ்லோ குக்கர் வாங்கிப் பார்த்தேன். காலையில் போட்டுவிட்டுப் போய் மாலையில் வந்து சாப்பிடலாம் என்பது பெரிய வசதி. அதில் எனக்கு ஏற்பட்ட சிக்கல் வேறு மாதிரி: இறைச்சி வெண்ணெய் போல வெந்திருக்கும், கேரட் கடித்தால் கடுக்கென்று இருக்கும். கிழங்கையும் கேரட்டையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் 85 டிகிரிக்குக் கீழே அவ்வளவு எளிதில் இளகாது. ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டைத் தொடவே பல மணி நேரம் ஆகிறது. அது மட்டும் இல்லை, அதில் இறைச்சியைச் சிவக்க வறுக்க முடியாது. தனி வாணலியில் வறுத்துப் போட வேண்டும், வாணலி அடியில் ஒட்டிய ருசியில் பாதி அங்கேயே நின்றுவிடும். ஆவி போக வழி இல்லாததால் குழம்பும் சுண்டாது.

அப்புறம்தான் இந்தச் சட்டி. அடுப்பில் வைத்து வறுக்கலாம், அப்படியே தூக்கி ஓவனுக்குள் வைக்கலாம். ஒரே சட்டியில் தொடக்கம் முதல் மேசை வரை.

வறுப்பதில் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு 4, 5 தடவை ஆனது. வார்ப்பிரும்பு அலுமினியம் மாதிரிச் சூட்டைச் சட்டென்று பரப்பாது. பெரிய தீயில் வைத்தால் நடுவில் கருகும், ஓரம் ஆறிக்கிடக்கும். நடுத்தரத் தீயில் 6, 7 நிமிடம் பொறுமையாகக் காய வைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் பிறகு அது சூட்டை விடவே விடாது. குளிர்ந்த இறைச்சியைப் போட்டாலும் சட்டி தணிந்து போவதில்லை. என் பழைய மெல்லிய பாத்திரத்தில் இறைச்சியைப் போட்ட உடனே சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, வறுபடாமல் வெந்து சாம்பல் நிறமாகிவிடும். இதில் அப்படி நடப்பதில்லை. இறைச்சியைக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி ஈரம் போக்கி, உப்பும் மிளகும் மைதாவும் தூவி, ஒன்றை ஒன்று தொடாமல் நாலைந்து துண்டாகப் போட்டு வறுக்கிறேன். 1.2 கிலோவுக்கு 3 ஈடு வரும். ஒரு ஈட்டுக்கு 8 நிமிடம். துண்டு தானாகவே அடியை விட்டு வரும்வரை புரட்டுவதில்லை. இந்த அரை மணி நேரத்தைச் சுருக்கினால் ஸ்டியூவின் நிறமும் மணமும் சுருங்கிவிடும்.

கடைசி ஈட்டை எடுத்ததும் சட்டியின் அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். அதில்தான் ருசி. வெங்காயம், செலரி போட்டு வதக்கி, அது விடும் தண்ணீரிலேயே சுரண்டினால் முழுக்க வந்துவிடும். நான் இதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த சிரட்டை அகப்பையைப் பயன்படுத்துகிறேன். எனாமலில் கீறல் விழாது, வளைவும் சட்டியின் மூலைக்குச் சரியாகப் பொருந்துகிறது. உள்ளே வெள்ளை எனாமல் இருப்பதன் அருமையும் இங்கேதான். பழுப்பு எப்போது கருப்பாகப் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். உள்ளே கருப்பு எனாமல் பூசிய சட்டிகளும் கடையில் உண்டு. ஸ்டியூவுக்கு வெளிர் நிறம்தான் நல்லது என்பது என் முடிவு.

பிறகு தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, பிரிஞ்சி இலை 2, தைம் ஒரு கொத்து, வூஸ்டர்ஷயர் சாஸ் 2 மேசைக்கரண்டி, சூடான ஸ்டாக் (இறைச்சி எலும்பு வேகவைத்த சாறு) 900 மி.லி. வூஸ்டர்ஷயர் சாஸ் பாட்டிலைத் திருப்பி என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள், புளியும் நெத்திலியும் இருக்கும். வூஸ்டர் நகரத்தில் 1837 முதல் விற்பனைக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே போனால் அந்த ஊர். புளி சேர்ந்த ஒன்றை மாட்டு இறைச்சியில் ஊற்றுவது எனக்குப் புதிதில்லை என்பதால், இந்தப் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் மனதுக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் இதற்கு மேல் மசாலா சேர்க்காதீர்கள். முதல் தடவை எனக்குக் கை துறுதுறுத்து இஞ்சி பூண்டு விழுதும் ஒரு ஸ்பூன் கரம் மசாலாவும் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது நம் வீட்டு இறைச்சிக் கறி. கிழங்கின் ருசி எதுவும் தெரியவில்லை. இந்தச் சாப்பாட்டின் உயிரே கிழங்கின் இனிப்புதான். மிளகு மட்டும் ஒரு ஸ்பூன் கொரகொரப்பாக இடித்துப் போட்டால் போதும்.

கிழங்கு என்றால் எது? இங்கே குளிர்காலத்தில் மூன்று முக்கியம். கேரட் நமக்குத் தெரியும். ஸ்வீடு என்று ஒன்று, குழந்தையின் தலை அளவு, மேலே ஊதா, உள்ளே மஞ்சள். ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். முட்டைக்கோஸும் டர்னிப்பும் கலந்து உண்டான செடி. பச்சையாக முகர்ந்தால் முட்டைக்கோஸ் வாசனை கொஞ்சம் அடிக்கும், இரண்டு மணி நேரம் இறைச்சிக் குழம்பில் கிடந்தால் அந்த வாசனை போய் ஒரு மெல்லிய இனிப்பு வரும். மூன்றாவது பார்ஸ்னிப், வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும். மண்ணில் இருக்கும்போது உறைபனி பட்டால் அதில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதனால் அக்டோபர் பார்ஸ்னிப்பை விட ஜனவரி பார்ஸ்னிப் இனிப்பு. கடையில் பெரியதாக எடுக்காதீர்கள், நடுத்தண்டு கட்டையாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும் முதலிலேயே போடுவது தவறு. இறைச்சியும் குழம்பும் 60 கிராம் பார்லியும் மட்டும் சட்டியில் மூடி, ஓவனில் 150 டிகிரி. விசிறி ஓவன் என்றால் 140. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து பாதி ஸ்வீடும் 3 கேரட்டும். அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து 2 பார்ஸ்னிப்பும் அரை கிலோ உருளைக்கிழங்கும். மறுபடி ஒரு மணி நேரம். எல்லாம் 3 செ.மீ. துண்டுகள். உருளைக்கிழங்கில் சார்லட் மாதிரி இறுக்கமான வகை எடுத்தால் முழுசாக நிற்கும். மாரிஸ் பைப்பர் எடுத்தால் ஓரம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். என் கணவருக்குக் கரைந்தது பிடிக்கும், பிள்ளைகளுக்கு முழுசாக வேண்டும். அதனால் சார்லட் போட்டு, கூடவே ஒரே ஒரு மாரிஸ் பைப்பரைப் பொடியாக வெட்டிப் போடுகிறேன். பார்லியை 60 கிராமுக்கு மேல் போட வேண்டாம்; மறுநாளைக்குள் எல்லாக் குழம்பையும் குடித்துவிடும்.

ஓவனுக்குள் இந்தச் சட்டி நடந்துகொள்ளும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கீழிருந்து மட்டும் இல்லாமல் நாலு பக்கமும் மேலேயும் சூடு வருகிறது. கனத்த இரும்பு அதை வாங்கி மெதுவாக உள்ளே விடுகிறது. அதனால் அடி பிடிப்பதில்லை, கிளற வேண்டியதும் இல்லை. மூடியும் கனம் என்பதால் ஆவி உள்ளேயே சொட்டுகிறது. 3 மணி நேரத்துக்கு மேல் ஓவனில் இருந்தும் குழம்பு ஒரு விரற்கடைதான் இறங்கும். கடைசி 20 நிமிடம் மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் மேலே நிறம் ஏறும். எங்கள் வீட்டு மின்சார மீட்டரைப் பார்த்தேன், ஒரு தடவைக்கு 2 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகிறது. ஸ்லோ குக்கர் இதைவிடக் குறைவாக எடுக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

போன வருடம் அம்மா 5 மாதம் வந்து எங்களோடு இருந்தார்கள். வெளியே எடுத்து மேசையில் வைத்த சட்டியில் 10 நிமிடம் கழித்தும் குமிழ் வருவதைப் பார்த்துவிட்டு, “மக்ளே, இது நம்ம மீன் சட்டி மாதிரில்லா கெடக்கு” என்றார்கள். எனக்கு அதுவரை தோன்றவில்லை. மண்சட்டியில் மீன் குழம்பை இறக்கி வைத்த பிறகும் கொதிப்பு அடங்காதே, அதே குணம்தான். அதன் பிறகு நான் ஓவனை 10 நிமிடம் முன்னதாகவே அணைத்துவிடுகிறேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போகிற தூரத்தில் கோல்புரூக்டேல் இருக்கிறது. ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-ல் மணல் அச்சில் இரும்புச் சட்டி வார்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பிரிஸ்டலை விட்டு இங்கே வந்து, 1709-ல் மரக்கரிக்குப் பதிலாக நிலக்கரியிலிருந்து எடுத்த கோக் போட்டு இரும்பை உருக்கினார். பள்ளிக்கூடத்தில் தொழிற்புரட்சி என்று இதைப் படித்தபோது எனக்கு ரயிலும் எஞ்சினும்தான் மனதில் வந்தது. ஆனால் அந்த உலையில் அவர் வார்த்து விற்றது சமையல் சட்டியும் பானையும். பித்தளைப் பாத்திரம் வாங்க முடியாத வீடுகளுக்கு மெல்லிய, மலிவான இரும்புச் சட்டி கிடைத்தது. பக்கத்து இரும்புப் பாலம் 1779-ல் அவருடைய பேரன் காலத்தில் எழுந்தது. அந்தப் பழைய உலை இன்றும் இருக்கிறது, கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டினேன். என் சட்டி இந்த ஊரில் செய்ததில்லை. இருந்தாலும் அதை எடுக்கும்போது அந்த உலை ஞாபகம் வருகிறது.

இனி குறைகள்.

எடைதான் முதல் குறை, அது சின்னக் குறை இல்லை. நிறைந்த சட்டி 9 கிலோவைத் தாண்டும். அதை 150 டிகிரி ஓவனிலிருந்து குனிந்து எடுக்க வேண்டும். மணிக்கட்டு வலி, முதுகு வலி உள்ளவர்கள் தயவுசெய்து இதை வாங்காதீர்கள். வார்டில் நோயாளிகளைத் தூக்கித் திருப்பி முதுகு போனவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கு இதே ஸ்டியூவைச் செய்ய, 24 செ.மீ., 4 லிட்டர் சட்டி வாங்கச் சொன்னேன். இரண்டு, மூன்று பேருக்கு அது தாராளம். எங்கள் வீட்டில் ஓவனிலிருந்து எடுப்பது என் கணவர். பிள்ளைகள் அந்த நேரத்தில் சமையலறைக்குள் வரக்கூடாது என்பது கண்டிப்பு.

ஆன்லைனில் சொல்லி வந்த முதல் சட்டி, பெட்டியைத் திறந்தபோதே விளிம்பில் நகக்கண் அளவு எனாமல் பெயர்ந்திருந்தது. எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் படிய வைத்த கண்ணாடிதான், இடி பட்டால் தெறிக்கும். படம் எடுத்து அனுப்பினேன், மாற்றுச் சட்டி வர 11 நாள் ஆனது. நேரில் கடைக்குப் போய், விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து வாங்குவதே நல்லது. உள்பக்கம் பெயர்ந்ததை எந்தத் தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்; சமைக்கச் சமைக்கப் பெயர்ந்துகொண்டே போய்ச் சாப்பாட்டில் விழும்.

மூடியின் குமிழ் கருப்பு பிளாஸ்டிக். 200 டிகிரி வரைதான் தாங்கும் என்று அதோடு வந்த தாளில் இருந்தது. ஸ்டியூவுக்கு அது போதும். ஆனால் இதே சட்டியில் ரொட்டி சுட்டால் 230 டிகிரி வேண்டும். 6 பவுண்டுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குமிழ் வாங்கி மாற்றினேன், ஒரு திருகாணிதான், 2 நிமிட வேலை.

சட்டியும் மூடியும் சேரும் விளிம்பில் எனாமல் மெல்லிசு. முதல் குளிர்காலத்திலேயே அங்கே செம்புள்ளி மாதிரித் துரு கண்டது. கழுவியதும் துணியால் துடைத்து, விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கிறேன், பிறகு வரவில்லை. டிஷ்வாஷரில் போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் போடுவதில்லை, பளபளப்பு போய்விடும்.

கழுவுவது பெரிய வேலை இல்லை. சூடாக இருக்கும்போது குழாயடியில் காட்டக்கூடாது, அது ஒன்றுதான் முக்கியம். இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது, எனாமல் வெடித்துவிடும். ஆற விட்டு, வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறினால் எல்லாம் வந்துவிடும். இரும்பு நார் வேண்டாம். உள்ளே வெள்ளை இப்போது சற்றுப் பழுத்த நிறமாகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றி 2 ஸ்பூன் சமையல் சோடா போட்டு 10 நிமிடம் மெல்லக் கொதிக்க வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். முழு வெள்ளை திரும்பாது. சமையலுக்கு அதனால் ஒன்றும் இல்லை. கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு உள்ளவர்கள் சட்டியை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், கீறல் விழும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் பார்க்க வேண்டியவை: அடி கனமாக இருக்க வேண்டும், மூடி ஆடாமல் உட்கார வேண்டும், இரண்டு பக்கக் கைப்பிடிக்குள்ளும் கெட்டித் துணி பிடித்த நாலு விரல் போக வேண்டும். என் சட்டியில் மூன்று விரல்தான் போகிறது, வாங்கும்போது துணியோடு பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பெரியதாக எடுத்தால் நல்லது என்று 30 செ.மீ. பக்கம் போகாதீர்கள். பாதிச் சட்டிக்கு ஸ்டியூ வைத்தால் குழம்பு பரந்து சீக்கிரம் சுண்டும், இறைச்சி மேலே தலை நீட்டிக் காயும். நாலைந்து பேருக்கு 26 சரியான அளவு.

கடைசியாக, ஸ்டியூவை வைத்த அன்றே முழுக்கச் சாப்பிட்டுவிட வேண்டாம். நான் ஞாயிறு மத்தியானம் பாதிதான் பரிமாறுகிறேன், வெண்ணெய் தடவிய ரொட்டியோடும், லாபிக்கு அந்த ஸ்டோக் அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி வினிகரில் ஊறிய பீட்ரூட்டோடும். மீதி ஆறியதும் வேறு பாத்திரத்தில் மாற்றி ஃபிரிட்ஜுக்குப் போகும். காலையில் திறந்தால் கரண்டி செங்குத்தாக நிற்கிற அளவுக்கு உறைந்திருக்கும். மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டு, அதே சட்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சிறு தீயில் சூடு செய்தால் திங்கட்கிழமை ஸ்டியூ ஞாயிற்றுக்கிழமையை விட நன்றாக இருக்கும். அம்மா இருந்த மாதங்களில் திங்கட்கிழமை ராத்திரி அதற்கு ஆப்பம் சுட்டார்கள். பிள்ளைகள் இப்போதும் திங்கட்கிழமை ஆப்பம்தான் கேட்கிறார்கள், நான் ஞாயிறு காலையிலேயே அரிசி ஊறப் போட்டுவிடுகிறேன்.